எல்லாப் போனிலும் ஒரே முகம்

‘லாகின் ஆகவில்லை’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் இருப்புக் கொள்ளாது. வேலையை விட்டாயிற்று, கண்ணில் புரையும் எடுத்தாயிற்று. இருந்தாலும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தன் போனைப் பார்த்து அப்படி முணுமுணுத்தால் என் கை தானாக நீளுகிறது. போன மாதம் ஒருவர் என்னைத் திருடன் என்று நினைத்துப் போனை மடியில் மறைத்துக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நிரல் எழுதுவதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். மலையில் தேயிலை மூட்டை தூக்கினேன். லாரி கிளீனராக மும்பை வரை போனேன். ஷார்ஜாவில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் பகலில் வேலை பார்த்து, இரவில் அதே கடையின் தரையில் படுத்தேன். ஓரிடத்தில் நின்றால் கால் அரிக்கும் பிறவி. கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில், வாடிக்கையாளர் கூப்பிட்டால் எடுத்துப் பேசும் ஆளாக வந்து சேர்ந்தேன். அங்கே கால் அரிக்கவில்லை. தினமும் ஏதாவது ஒன்று உடையும். என்ன உடைந்திருக்கிறதோ என்று பார்க்கவே காலையில் சீக்கிரம் போய்விடுவேன்.

எங்கள் செயலியின் வேலை இதுதான். நெல் அறுவடைக்கு வெளி மாவட்டங்களிலிருந்து இயந்திரங்கள் வரும். யார் வயலுக்கு எப்போது போவது என்பதை முன்பெல்லாம் புரோக்கர்கள் முடிவு செய்தார்கள். வேண்டியவனுக்கு முதலில், வேண்டாதவனுக்குக் கடைசியில். எங்கள் முதலாளி அதை மாற்றினார். விவசாயி செயலிக்குள் நுழைந்து தன் பெயரையும் வயலையும் பதிய வேண்டும். பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பட்டியலில் பெயர் இல்லாத வயலில் வண்டி இறங்காது. நடுவில் எந்த மனிதனின் கையும் கிடையாது. இதைச் சொல்லித்தான் அவர் ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சேர்த்தார்.

உள்ளே நுழைய நாங்கள் தனியாகப் பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு போனிலும் ஏற்கெனவே ஒரு மெயில் கணக்கு இருக்கிறதல்லவா? ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த மெயில் நிறுவனமே ‘இவர் இன்னார்’ என்று எங்களுக்குச் சொல்லிவிடும். நம் வீட்டு வாசலில் அடுத்த ஊர்க்காரனைக் காவலுக்கு வைத்த மாதிரி. அவன் தலையாட்டினால் கதவு திறக்கும். அவன் தலையாட்டாவிட்டால் ஏன் என்று நமக்குச் சொல்லவும் மாட்டான்.

அந்தக் காவல்காரன் முதல் நாளே எங்களைப் படுத்தினான். அலுவலகத்தில் எல்லார் போனிலும் செயலி அழகாகத் திறந்தது. எல்லோரும் செயலிகளை இறக்கிக்கொள்ளும் ஸ்டோரில் வெளியிட்டோம், லட்டு வாங்கித் தின்றோம். லட்டு தொண்டையை விட்டு இறங்குவதற்குள் போன் வந்தது. வெளியே ஒருத்தரால்கூட உள்ளே போக முடியவில்லை. எங்களுக்கு மட்டும் போகிறது!

அதைக் கண்டுபிடித்தது மேலப்பாளையத்துப் பெண் ரஹ்மத். செயலியின் நிரல் முழுக்க அவள் கைவேலை. நாம் செயலியை உருவாக்கும்போது ஒரு முத்திரை குத்துகிறோம். ஸ்டோரில் ஏற்றியதும் ஸ்டோர் தன் முத்திரையைக் குத்திவிடுகிறது. மெயில் நிறுவனத்திடம் நாங்கள் கொடுத்து வைத்திருந்ததோ எங்கள் முத்திரையை. எனவே ஸ்டோரிலிருந்து இறக்கியவர்களை எல்லாம் காவல்காரன் போலி என்று திருப்பி அனுப்பிவிட்டான். புதிய முத்திரையைப் பதிந்ததும் எல்லாம் சரியானது. அதன் பிறகு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நான் மாடியிலிருந்து இறங்கிப் போய் டீக்கடை மாஸ்டரின் போனை வாங்கி, ஸ்டோரிலிருந்து இறக்கி, அவரையே நுழைந்து பார்க்கச் சொல்வேன். அவருக்கு நெல்லும் கிடையாது, வயலும் கிடையாது. ஆனால் அவர் போனில் திறந்தால்தான் செயலி திறந்ததாக எங்கள் கணக்கு. உங்கள் போனில் திறக்கிறது என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அது யாருக்கும் வேண்டாத செய்தி.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருமுறை அடிபட்ட இடத்தில்தான் அடுத்த முறையும் அடி என்று மனசு முடிவு கட்டிவிடும். அந்த மாசி மாதத்தில் எங்களுக்கு நடந்தது அதுதான்.

பிசானப் பருவத்து நெல் முற்றி நின்ற நேரம். கடலில் தாழ்வு நிலை, ஓரிரு நாளில் மழை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அதுவரை அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று ஆற்றின் மேல்பகுதியில்தான் எங்கள் செயலி ஓடியது. முந்தின நாள்தான் கீழ்ப்பகுதியில் ஏரல் பக்கத்தையும் சேர்த்து ஒரு அப்டேட் வெளியிட்டிருந்தோம். டீக்கடைச் சோதனையும் பார்த்தாயிற்று. மறுநாள் காலையில் நான் நாற்காலியில் உட்காரும் முன்பே போன் அலறியது. எல்லா அழைப்பும் ஏரல் பக்கத்திலிருந்து. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பொத்தானை அமுக்கினால் ஏதோ சுற்றுகிறது, பிறகு பாஸ்வேர்டு கேட்கிறது, பிறகு வெளியே தள்ளிவிடுகிறது.

அதில் ஒரு குரல் ஜெபமணி அக்காவுடையது. அறுபது வயதிருக்கும். ஏரலுக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். பதற்றமே இல்லாமல் பேசினார்.

“தம்பி, கதிரு தலை சாஞ்சு கெடக்கு. இதுல மழை விழுந்தா நின்ன இடத்துலயே முளைச்சுப்போகும். வருசச் சாப்பாடும் விதைநெல்லும் இதுலதான் இருக்கு. மிஷினு ரோட்டுலதான் நிக்கி. உங்க ஆப்புல என் பேரு ஏற மாட்டேங்கு.”

அவர் சொன்னது உண்மை. பெல்ட் பூட்டிய அறுவடை வண்டி ஒன்று ஏரல் சாலையோரம் வந்து நின்றிருந்தது. ஈர வயலில் டயர் வண்டி புதைந்துவிடும், பெல்ட் வண்டிதான் இறங்கும். அதன் சொந்தக்காரர் எங்கள் முதலாளியிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: மத்தியானத்துக்குள் பட்டியலில் பெயர் வராவிட்டால் வண்டியை லாரியில் ஏற்றித் தஞ்சாவூர்ப் பக்கம் அனுப்பிவிடுவேன். அவரைக் குறை சொல்ல முடியாது. சும்மா நிற்கும் இயந்திரம் யாருக்கும் சோறு போடாது.

முதலாளி அவசரப்பட்டார். நேற்று அப்டேட் போட்டோம், இன்று விழுந்திருக்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, உடனே பழைய பதிப்புக்குத் திரும்புவோம் என்றார். முத்திரைதான் மறுபடியும் தவறியிருக்கிறது என்பது அவர் முடிவு. ரஹ்மத் விடியற்காலையிலேயே அதைச் சரிபார்த்துவிட்டிருந்தாள்.

“என் வேலையில தப்புன்னா நானே ஒத்துக்கிடுதேன் சார். முத்திரை தப்புன்னா கல்லிடைக்குறிச்சிக்காரங்களும் உள்ள வர முடியாதுல்லா? பாருங்க, இந்த நிமிசம் வரைக்கும் வந்துட்டுதான் இருக்காங்க.”

திரையில் மேல்பகுதியிலிருந்து பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. பாதிப் பேர் உள்ளே போகிறார்கள், பாதிப் பேரால் முடியவில்லை. தம்பிகளே, தங்கச்சிகளே, இதைவிட நல்ல துப்பு நம் தொழிலில் கிடைக்காது. எல்லோரும் விழுந்தால் கோளாறு நம்மிடம் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால், அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்பினால் ஏரல் பக்கமே செயலியில் இருக்காது. மேல்பகுதியில் ஓடுவதும் குழம்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கிற பாதியை, நின்றுபோன பாதிக்காகக் கலைக்கக் கூடாது. நான் முதலாளியிடம் அதைச் சொன்னேன். நான் போய் ஒரு போனையாவது கையில் பிடித்துப் பார்க்கும் வரை எதையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போங்க அண்ணே என்றார்.

ஏரல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஷார்ஜாக் கடையில் எங்களுக்குத் தலைமையாக இருந்த பழுதுபார்ப்பவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். செத்துப்போன போனைக் கொண்டுவந்தால்கூட உடனே திறக்க மாட்டார். வந்தவர் கையிலேயே கொடுத்து, ‘நீ தினமும் என்ன செய்வாயோ அதைச் செய்து காட்டு’ என்பார். பாதி நேரம் கோளாறு போனில் இருக்காது, கையில்தான் இருக்கும். பஸ் வளைந்து வளைந்து போனபோது நான் நினைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

சாலையோரம் இயந்திரம் நின்றது. அதன் நிழலில் ஓட்டுநர் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். சேலம் பக்கத்து இளைஞர். சுற்றிலும் போனும் கையுமாக ஊர்க்காரர்கள். கிழக்கே வானம் மங்கலாகத்தான் இருந்தது. நான் இன்னார் என்று சொன்னதும் ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வாரும்வே கம்ப்யூட்டரு. முன்னெல்லாம் புரோக்கருக்குப் போன் போட்டா மிஷின் வராது. இப்பம் மிஷின் வந்து நிக்கி, நாங்க உள்ள போக முடியல. நல்லா முன்னேத்திட்டிய.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்தது. நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்ய? முதலில் ஓட்டுநரின் போனை வாங்கி, அங்கேயே செயலியை இறக்கி, நுழையச் சொன்னேன். ஒரே தட்டு, உள்ளே போய்விட்டது. ஆக ஏரலில் சிக்னல் இருக்கிறது, செயலியும் வேலை செய்கிறது. கோளாறு இன்னும் குறுகியது. இந்த ஊர்க்காரர்களின் போனில் மட்டும் ஏதோ இருக்கிறது. 

ஜெபமணி அக்கா முன்னால் வந்தார். நான் போனை வாங்கவில்லை. அவரையே செய்து காட்டச் சொன்னேன். அவர் முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார். ஏதோ ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு மெயில் முகவரி வந்தது, பக்கத்தில் பொட்டுப் போல ஒரு வட்டப் படம். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. என் உடம்பால் நிழல் செய்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞன், அடர்த்தியான மீசை, சுருட்டை முடி, கழுத்தில் ரோஜா மாலை.

இது யார், உங்கள் வீட்டுக்காரரா என்று கேட்டேன்.

“ஐயே, எங்க வீட்டுக்காரரு ஒரு நாளாவது இப்படிக் கண்ணாடி போட்டிருப்பாரா? இந்த ஆளு, போனு வாங்கும்போதே உள்ளதான் தம்பி இருந்தாரு. கம்பெனி ஆளுன்னு நெனச்சேன்.”

அடுத்தவர் போனைப் பார்த்தேன். அதே கறுப்புக் கண்ணாடி. அடுத்தவர் போன். அதே ரோஜா மாலை. துண்டு உதறிய பெரியவர் போனிலும் அதே மீசை! நான் ஒவ்வொருவர் போனையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். கேலி செய்துகொண்டிருந்த கூட்டம் என் பின்னாலேயே நகர்ந்து, எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. இத்தனை வருடம் தங்கள் சட்டைப் பையில் ஒரே மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

திரையைப் படம் பிடித்து ரஹ்மத்துக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே கூப்பிட்டாள். முதலில் சிரிப்புதான் வந்தது.

“அண்ணே, ஊரு பூரா ஒரே ஆளா? அந்த ஆளு நேத்துப் பாஸ்வேர்ட மாத்திருக்காரு. அதான் எல்லாரையும் வெளிய தள்ளிருச்சு. அவரைப் பிடிங்க.”

யாரைப் பிடிப்பது? பெரியவர் தன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தூரத்தில் கொண்டுபோய், கடைசியில் தொடையில் தட்டினார். “ஏலே, இது நம்ம செல்கடை அண்ணாச்சி கல்யாணத்துல எடுத்த படம்லா. நான் அந்தக் கல்யாணத்துல சாப்பிட்டிருக்கேன்.”

கூட்டமாகவே கடைத்தெருவுக்குப் போனோம். செல்கடை அண்ணாச்சிக்கு இப்போது ஐம்பது வயது, தலையில் முடியில்லை, மீசையும் இல்லை. கூட்டத்தைப் பார்த்ததும் சிம் கார்டுக்கு ஏதோ சலுகை அறிவித்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து வரவேற்றார். நான் மெதுவாக, நேற்று உங்கள் மெயிலில் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

“நல்லாக் கேட்டிய. நேத்துச் சாயங்காலம் டீ குடிச்சிட்டு இருக்கேன், ஒரு தகவல் வருது. ‘உங்க கணக்குல ஒரு ஆப்பு நுழையுது, நீங்கதானா?’ன்னு. நான் இல்லன்னு அமுக்குனேன். உடனே பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்லா. கள்ளப்பயலுவ. நம்மட்டயா?”

அந்தக் கள்ளப்பயலுகள் எல்லாம் உம் கடைப் படியில்தான் நிற்கிறார்கள் என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் இதுதான். போன் வாங்க வருபவர்கள் கிராமத்திலிருந்து வருவார்கள். மெயில் கணக்கு இல்லாமல் ஸ்டோர் திறக்காது, ஸ்டோர் திறக்காமல் எந்தச் செயலியையும் இறக்க முடியாது. கணக்கு உண்டாக்கப் பெயர் கேட்கும், பிறந்த தேதி கேட்கும், போனுக்கு எண் அனுப்பும். வந்தவருக்கோ கடைசி பஸ் போய்விடும் என்ற அவசரம். அண்ணாச்சி தன் கணக்கையே போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார். எல்லாம் திறக்கும், வாங்கியவருக்கும் சந்தோஷம். வருடக்கணக்காக இது நடந்திருக்கிறது. ஒரு பொல்லாப்பும் வரவில்லை, ஏனென்றால் அதுவரை எந்தச் செயலியும் அந்தக் கணக்கை வைத்து ‘நீ யார்’ என்று இந்த மக்களைக் கேட்டதில்லை. முதலில் கேட்டது நாங்கள்தான்.

“அதான் என் போன்ல மாமியா, சித்தி, பால்காரருன்னு எனக்குத் தெரியாத பேராக் கெடக்கா? போனு தானா சேர்க்குதுன்னுலா நெனச்சேன்” என்றார் அண்ணாச்சி, பாதித் தனக்குத்தானே.

ஒருவர் கடை மேசையில் ஓங்கித் தட்டினார். இன்னொருவர் என் மகள் போட்டோவெல்லாம் உம்மிடம்தான் இருக்கிறதா என்று சட்டையைப் பிடிக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். நியாயமான கோபம், அதற்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் மத்தியானத்துக்கு அதிக நேரம் இல்லை. மேலும், இந்த ஊரில் எல்லார் போனையும் திறக்கத் தெரிந்த கை அது ஒன்றுதான். குற்றவாளியும் அவர்தான், எங்களுக்கு வேண்டிய ஆளும் அவர்தான். அவசர நேரத்தில் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிய பாஸ்வேர்டை எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன், உள்ளே போய்க்கொள்ளட்டும் என்றார் அண்ணாச்சி. ஒரு கணம் நானும் சரி என்று சொல்லியிருப்பேன். ரஹ்மத் போனிலிருந்து தடுத்தாள். அப்படிப் போனால் எங்கள் செயலிக்கு இவர்கள் எல்லோரும் ஒரே ஆள். ஒரு ஆளுக்கு ஒரு பதிவு. அடுத்தவர் பதியும்போது முந்தினவர் பதிவு அழிந்துவிடும். எல்லாருக்கும் புதுக் கணக்கு உண்டாக்கலாம், ஆனால் மத்தியானத்துக்குள் நடக்காது. மிச்சம் இருந்தது ஒரே வழி. அலுவலகத்தில் உட்கார்ந்து அவளே பெயர்களைப் பட்டியலில் எழுதலாம்.

ரஹ்மத்திடமிருந்து போனை வாங்கிய முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. எழுதுவது நாம் என்று தெரிந்தால் நமக்கும் புரோக்கருக்கும் என்ன வித்தியாசம் அண்ணே என்று கேட்டார். அவர் கேட்டது சரி. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மேல்பகுதிக்காரர்கள் எங்களிடம் சேர்ந்திருந்தார்கள். ஆனால் செயலி என்பது எதற்கு? யாரும் மறைவில் பெயர் செருகக் கூடாது என்பதற்கு. மறைவு இல்லாமல் செய்தால்? எனக்கு அந்த நிமிடத்தில் மின்னல் மாதிரி தோன்றியது. ரஹ்மத்தை ஸ்பீக்கரில் போடுகிறேன், ஒவ்வொருவரும் இத்தனை பேர் முன்னால் தன் பெயரையும் வயலையும் தானே உரக்கச் சொல்லட்டும், எழுதியதும் அவள் திருப்பி வாசிக்கட்டும், ஓட்டுநரும் கேட்கட்டும் என்றேன். மறுமுனையில் முதலாளி அதை ரஹ்மத்திடம் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “கையால எழுதினதுன்னு பட்டியல்லயே போட்டுரணும். மேல்பகுதிக்காரங்களும் அதைப் பார்க்கணும்” என்றார். அந்த நிபந்தனையை நான் யோசித்திருக்கவில்லை. பின்னால் மேல்பகுதிக்காரர்கள் கேள்வி கேட்டபோது எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

அடுத்து, யார் முதலில்? உடனே சத்தம் கிளம்பியது. அதைத் தீர்த்தது ஓட்டுநர். விளைந்து நிற்கும் அடுத்தவர் பயிரை மிதித்துக்கொண்டு உள்வயலுக்கு வண்டி போக முடியாது, ரோட்டோர வயல்தான் முதலில் என்றார்.  எந்த வயலுக்கு அடுத்தது எந்த வயல் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், பொய் சொல்ல இடமே இல்லை. எங்கள் செயலி இதை ஒரு நாளும் கேட்டதில்லை. யார் முதலில் அமுக்கினார் என்றுதான் கேட்டது.

அப்படிப் பார்த்தால் ஜெபமணி அக்கா வயல் கடைசி. காலையில் முதலில் போன் செய்தவர்களில் ஒருவர் அவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“மிஷின் என்ன பறந்தா வரும்? வழியில இருக்கவுக அறுக்கட்டும். என் பேரை மட்டும் இப்பமே சொல்லிரும்” என்றார்.

ஒவ்வொருவராகக் கடைப் படியில் ஏறிப் பெயர் சொன்னார்கள். ரஹ்மத்தின் குரல் அதைத் திருப்பிச் சொன்னது. சிலர் மைக் பிடித்த மாதிரி தகப்பனார் பெயரையும் சேர்த்து முழங்கினார்கள். கடைசிப் பெயரை ரஹ்மத் வாசித்து முடித்தபோது ஓட்டுநர் தன் போனில் பட்டியலைப் பார்த்தார், தலையசைத்தார், சாவியைக் கையில் எடுத்தார். வண்டிச் சொந்தக்காரர் கொடுத்த நேரத்தில் ஒரு டீ குடிக்கும் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது.

வண்டி ரோட்டோர வயலில் இறங்கியது. நான் பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. பெயர் ஏறியது எங்கள் வெற்றி, ஆனால் ஜெபமணி அக்காவுக்கு வேண்டியது பெயர் அல்லவே. வண்டி ஒரு வயலை முடித்து அடுத்ததற்கு நகரும்போதெல்லாம் நான் கிழக்கே பார்த்தேன். மங்கல் கறுப்பாகிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு வரப்புக்கே வந்துவிட்டார். நான் கேட்கவில்லை. ஒவ்வொருவர் போனாக வாங்கி, தன் கணக்கை எடுத்துவிட்டு, அவரவர் எண்ணிலேயே புதுக் கணக்கு உண்டாக்கினார். அவரிடமே போன் வாங்கிய ஆற்றின் அக்கரைக்காரர்களும் அங்கே வந்துவிட்டிருந்தார்கள், மறுநாள் அவர்கள் பதிய வேண்டியிருந்ததே. மகள் போட்டோவுக்காகச் சட்டையைப் பிடிக்கப் போனவர் போனை அவரிடம் கொடுக்காமல், தன் கையிலேயே வைத்துக்கொண்டு, அண்ணாச்சி வாயால் சொல்லச் சொல்லத் தானே செய்தார். அதுவும் சரிதான்.

நடுவில் ஒரு வயலில் பெல்ட்டில் வைக்கோல் சுற்றி வண்டி நின்றது. ஓட்டுநர் கீழே படுத்து இழுத்தார், நாங்களும் இழுத்தோம். ஈரக்காற்று வீசத் தொடங்கியது. ஜெபமணி அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. தன் வயல் வரப்பில் தார்ப்பாயை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழும் நேரத்தில் வண்டி வாய்க்கால் ஓரத்துக்கு வந்தது. சாய்ந்து கிடந்த கதிரை அது பைய வாரி எடுத்ததைப் பார்க்க வேண்டும் நீங்கள்! ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு குழாய் வழியாக நெல் தார்ப்பாயில் மஞ்சளாகக் கொட்டியது. முதல் துளி என் கையில் விழுந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பட்டியலில் முன்னால் இருந்தவர்கள், தங்கள் நெல்லை மூடி வைத்துவிட்டு, அவர்களாகவே ஓடி வந்து அள்ளினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணாச்சி ஜெபமணி அக்காவிடம் வந்து சேர்ந்தார். கையில் அக்காவின் போன். எல்லாருக்கும் முடித்துவிட்டார், இவர் ஒருவர்தான் பாக்கி. பேர் போட்டுட்டேன், பிறந்த தேதி மட்டும் சொல்லுங்க என்று கேட்டார்.

“பிறந்த தேதி நாளைக்கும் அதேதான் இருக்கும் அண்ணாச்சி. இப்பம் சாக்கப் புடியும்.”

அண்ணாச்சி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். நான் மறுபக்கம் பிடித்தேன். அக்கா மரக்காலால் அள்ளி அள்ளிப் போட்டார். கடைசிச் சாக்கின் வாயைக் கட்டித் தார்ப்பாய்க்குள் இழுத்துவிட்டோம். பிறகு மழை பெய்தது.